காற்றுக்காக ஒதுக்கிய நிலம்: பெங்களூரின் பூங்காக்களும் அவை எதிர்பாராத குழந்தைகளும்

சற்று நீண்ட பதிவு. நகர வரலாறு, கல்வியியல், சமூகப்பணி ஆகிய துறைகளின் மாணவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் சுருக்காமல் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, என் அக்காவின் மகனைப் பெங்களூரில் நாங்கள் குடியிருக்கும் பகுதியிலுள்ள ஒரு சிறு பூங்காவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அவனுக்கு ஒன்பது வயது; ஆட்டிசம் உள்ளவன். ஊஞ்சலில் ஏறினால் அரைமணி நேரம் இறங்கமாட்டான். ஆடும்போது ஒரே ஓசையை உரக்க எழுப்பிக்கொண்டிருப்பான். அது அவன் மகிழ்ச்சியின் ஓசை என்பது வீட்டாருக்குத் தெரியும், மற்றவர்க்குத் தெரியாது. காத்திருந்த பெற்றோர் சிலர் முகஞ்சுளித்தனர். பிறகு காவலாளி வந்தார். அவர் கடிந்து பேசவில்லை. இத்தகைய பிள்ளைகளுக்கென்று பயிற்சி மையங்கள் இருக்கின்றனவே, அங்கே அழைத்துச் செல்லலாமே என்று கன்னடத்தில் தணிவாகவே சொன்னார். அந்தத் தணிவுதான் என்னை அதிகம் உறுத்தியது.

வெளியே வரும்போது வாயிலில் இருந்த பலகையைப் படித்தேன். பலமுறை கடந்துபோன பலகைதான். புல்தரையில் நடக்கக் கூடாது, பூக்களைத் தொடக் கூடாது, பந்து விளையாடக் கூடாது, கூச்சலிடக் கூடாது, நடைப்பயிற்சி செய்வோர் கடிகாரச் சுற்றில் மட்டுமே நடக்க வேண்டும். அன்று மாலை அவன் செய்த அனைத்தும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவன் நடந்ததும் எதிர்ச்சுற்றில்தான்.

நகர வரலாற்றைப் பயிலும் ஒருவருக்கு இங்கே எழவேண்டிய கேள்வி காவலாளியைப் பற்றியதன்று. இந்த நிலம் யாரை எதிர்பார்த்துப் பூங்காவாக்கப்பட்டது? எத்தகைய உடல், எத்தகைய நடத்தை அதன் வரைபடத்திற்குள் அடங்கியிருந்தது? இக்கேள்விக்குப் பெங்களூர் நல்ல களம். தோட்ட நகரம் என்று பெயர் பெற்ற ஊர் அது. நாட்டின் முதன்மையான மனநல நிறுவனமும் அங்கேதான் உள்ளது. இவ்விரு வரலாறுகளையும் நாம் பெரும்பாலும் தனித்தனியாகவே படிக்கிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. ‘நரம்பியல் பன்மை’ என்னும் கருத்து 1990களின் பிற்பகுதியில் ஆட்டிசம் உள்ளோரின் இணைய உரையாடல்களில் உருவாகி, 1998 அளவில் ஜூடி சிங்கர், ஹார்வி புளூம் ஆகியோரின் எழுத்துகள் வழியே அச்சுக்கு வந்தது. ஆட்டிசம், கவனக்குறைவும் மிகையியக்கமும், கற்றலில் வேறுபாடு முதலியவற்றை மனித மூளையின் இயல்பான வகைகளாகக் காண வேண்டும் என்பது அதன் சாரம். பழைய காலத்தைப் பேசும்போது இச்சொல்லைப் பின்னோக்கிப் பொருத்துவது காலவழு. ஆயினும் அச்சொல் சுட்டும் குழந்தைகள் அன்றும் இருந்தனர். அவர்கள் எங்கே இருந்தனர் என்பதுதான் வினா.

பெங்களூரின் பெருந்தோட்டங்கள் கண்ணுக்காக எழுந்தவை. 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக், 1856இல் அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. தாவரவியல் தோட்டத்தின் இலக்கணமே மாதிரிகளைச் சேகரித்து, பெயரிட்டு, காட்சிப்படுத்துவது. அங்கே வருகிறவர் பார்வையாளர். தொடுவது அவர் வேலையன்று. 1870இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கியின் காலத்தில் அமைந்த கப்பன் பூங்காவோ, பழைய பேட்டைக்கும் ஆங்கிலேயரின் படைக் குடியிருப்புக்கும் நடுவே கிடந்த நிலத்தில் உருவானது. வண்டிப் பாதை, இசைமேடை, சிலை, நிழற்சாலை எல்லாம் ஒழுங்காக உலாவும் உடலுக்கானவை. மெல்ல நடப்பது, நின்று நோக்குவது, தாழ்ந்த குரலில் பேசுவது ஆகியவையே பூங்கா நாகரிகமாயின. இந்நாகரிகம் இன்றைய விதிப்பலகை வரை தொடர்கிறது.

இரண்டாம் அடுக்கு நுரையீரலுக்கானது. 1898 ஆகஸ்டில் பிளேக் பெங்களூரை அடைந்தது. நோய்க்கிருமியை 1894இலேயே ஹாங்காங்கில் யெர்சின் கண்டறிந்துவிட்டார். எலித்தெள்ளின் பங்கை அதே 1898இல் கராச்சியில் சிமோன் முன்வைத்தார். எனினும் நகர நிர்வாகங்கள் நெரிசலையும் கெட்ட காற்றையுமே முதற்பகையாகக் கண்டன. பேட்டையின் ஒடுங்கிய தெருக்களிலிருந்து மக்களை வெளியேற்ற, பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய விரிவாக்கப் பகுதிகள் விரைந்து வளர்க்கப்பட்டன. படைக் குடியிருப்புப் பக்கத்தில், தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதிகளை ஒட்டி, 1910 அளவில் பிரேசர் டவுன் எழுந்தது. அகன்ற தெருக்கள், வீட்டுக்கு வீடு இடைவெளி, துப்புரவுக்கெனப் பின்சந்து, நடுநடுவே திறந்தவெளி. பூங்கா என்பது இப்போது நகரின் நுரையீரல் என்று பேசப்படலாயிற்று. இவ்வுருவகம் நமக்கு இன்று மிகவும் பழகிவிட்டதால் அதன் குறுகலை நாம் கவனிப்பதில்லை. நுரையீரலுக்கு வேண்டியது தூய காற்று மட்டுமே. கைக்கு மண் வேண்டும். காலுக்குக் குதிக்கத் தரை வேண்டும். காதுக்கு அமைதியான ஒரு மூலை வேண்டும். இவையெல்லாம் கணக்கிலேயே வரவில்லை.

இந்தக் குறுகல் சட்டமொழியில் உறைந்து கிடப்பதைக் காணலாம். இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுத் திறந்தவெளிச் சட்டம், கட்டடமே இல்லாத அல்லது இருபதில் ஒரு பங்குக்கு மேல் கட்டடம் இல்லாத நிலத்தைத் திறந்தவெளிக்கு அடையாளமாகக் கொண்டது. அதே அளவுகோலைச் சென்னை மாநிலத்தின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்தாண்டது. கர்நாடகத்தின் 1985ஆம் ஆண்டுப் பூங்கா, விளையாட்டுத்திடல், திறந்தவெளிகள் சட்டமும் அதே மரபில் வந்தது. பூங்கா என்றால் மரமும் பூப்பாத்தியும் புல்வெளியும் கொண்டு, பொழுதுபோக்கு, காற்று, வெளிச்சம் ஆகியவற்றுக்காக மக்கள் நாடும் இடம் என்பது இவ்வகைச் சட்டங்கள் தரும் விளக்கம். விளையாட்டுத்திடல் வேறு, அது பள்ளி, கல்லூரி, கழகங்களின் ஆட்டங்களுக்கானது. இப்பிரிவினையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஒருபுறம் காற்று வாங்கும் பெரியவர். மறுபுறம் அணியாகத் திரண்டு விதிப்படி ஆடும் மாணவர். அணியில் சேராத, விதி பிடிபடாத, தன் போக்கில் சுழன்று ஆடும் குழந்தைக்கு இரண்டிலும் இடமில்லை.

உச்ச நீதிமன்றத்தின் 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று இங்கே நினைக்கத் தக்கது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்னும் வழக்கு. பூங்காவுக்கென வரைபடத்தில் ஒதுக்கிய நிலம் தனியார் மருத்துவமனைக்குத் தரப்பட்டதைக் குடியிருப்போர் எதிர்த்தனர். நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. திறந்தவெளி, தூய காற்று, குழந்தைகளின் விளையாட்டிடம் ஆகியவை பொதுநலனுக்கு இன்றியமையாதவை என்று அத்தீர்ப்பு வலியுறுத்தியது. நோயுற்றபின் நாடும் மருத்துவமனைக்காக, நோயணுகாமல் காக்கும் பூங்காவை விட்டுத்தர இயலாது என்பது அதன் உட்பொருள். சூழலியல் மாணவர்கள் இத்தீர்ப்பை நன்கு அறிவர். ஊனமுற்றோர் ஆய்வில் அது அதிகம் பேசப்படவில்லை. பேசப்பட வேண்டும், ஏனெனில் நம் குழந்தைகளைப் பொறுத்தவரை, பூங்காவா மருத்துவ அறையா என்னும் அதே வழக்கு இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் நடந்துகொண்டிருக்கிறது.

இனி மற்ற வரலாற்றுக்கு வருவோம். 1912ஆம் ஆண்டு இந்தியப் பித்தர் சட்டம், அறிவு வளர்ச்சி குன்றியோரையும் மனநோயுற்றோரையும் ஒரே சொல்லுக்குள் அடக்கியது. அச்சட்டம் 1987இல் இயற்றப்பட்ட புதிய மனநலச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை ஏட்டில் இருந்தது. பெங்களூரின் மனநோயர் காப்பகம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றி, 1930களில் ஓசூர் சாலையிலுள்ள பரந்த வளாகத்திற்குப் பெயர்ந்தது. 1954இல் அனைத்திந்திய மனநல நிறுவனம் அங்கே நிறுவப்பட்டது. 1974இல் இரண்டும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. வேறுபட்ட மனம் உடையோருக்கு நகரம் ஒதுக்கிய திறந்தவெளி இதுதான்: மதிலுக்கு உட்பட்ட தோட்டம். மதிலுக்கு வெளியே இருந்த தோட்டங்கள் மற்றவர்க்கு. குழந்தைகளில் பெரும்பாலோர் காப்பகத்திற்கும் சென்றதில்லை, பூங்காவுக்கும் சென்றதில்லை. வீட்டின் பின்னறையில் இருந்தனர். ஆகவேதான் நம் ஆவணங்களில் அவர்கள் தென்படுவதில்லை.

பின்னறையிலிருந்து அவர்களை வெளியே கொணர்ந்தவர்கள் பெரும்பாலும் பெற்றோரே. மும்பையில் 1944இல் ஜெய் வகீல் தம் மகளுக்காகத் தொடங்கிய பள்ளி, அங்கேயே 1972இல் மிது அலூர் நிறுவிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, தில்லியில் 1991இல் மேரி பருவா தொடங்கிய ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் ஆகியவை அறியப்பட்ட சான்றுகள். இவ்வியக்கங்களின் முதல் கோரிக்கை கல்வி. அடுத்தது பயிற்சியும் சட்ட ஏற்பும். 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் 21 வகைகளுள் வைத்தது. பள்ளிக்கும் சான்றிதழுக்கும் போராடிய தலைமுறைக்கு ஊஞ்சலைப் பற்றிப் பேச நேரமிருக்கவில்லை. அது குறையன்று, அவர்களின் முன்னுரிமை வேறு.

இதற்கிடையே ஊஞ்சல் வேறொரு வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் ஏயர்ஸ், புலன்களின் ஒருங்கிணைப்புப் பற்றிய தம் நூலை 1972இல் வெளியிட்டார். ஆடுதல், சுழலுதல், அழுத்தம், தொடுகை ஆகியவற்றைப் பெறுவதிலும் ஒழுங்குபடுத்துவதிலும் சில குழந்தைகள் வேறுபடுகின்றனர் என்பது அவர் கருத்து. இம்முறையின் பயன் குறித்து ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் புலன்சார் வேறுபாடு உண்மை என்பதை 2013இல் வந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டது. இன்று நம் பெருநகரங்களின் பயிற்சி மையங்களில் நுழைந்து பாருங்கள். உத்தரத்தில் தொங்கும் ஊஞ்சல், மணல் தட்டு, பந்துக் குளம், ஏறுவதற்குச் சாய்தளம், வெறுங்காலால் மிதிக்கச் சொரசொரப்பான விரிப்பு. இவை அனைத்தும் ஒரு நல்ல பூங்காவின் உறுப்புகள். திறந்தவெளியில் மறுக்கப்பட்டது குளிரூட்டிய அறைக்குள் முக்கால் மணி நேரக் கட்டணமாகத் திரும்பி வந்திருக்கிறது. கொடுக்க முடிந்தவருக்குக் கிடைக்கிறது. முடியாதவருக்கு இரண்டும் இல்லை. அந்த அறையில் வேறு குழந்தைகளும் இல்லை. பயிற்சியாளர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்களால் பயன்பெற்ற வீடு எங்களுடையது. விளையாட்டு முழுவதும் சிகிச்சையாக மாறும்போது, குழந்தை எந்நேரமும் நோயாளியாகவே இருக்க நேர்கிறது என்பதே என் கவலை.

இந்த இடத்தில்தான் பெங்களூரின் அண்மை வரலாறு முக்கியமாகிறது. 2000களின் நடுவில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் பெற்றோர் சிலர் கூடி ‘கிலிகிலி’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். தனிப் பூங்கா வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. இருக்கின்ற மாநகராட்சிப் பூங்காக்களிலேயே எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் இடம் வேண்டும் என்றனர். மாநகராட்சியுடன் இணைந்து அவர்கள் அவ்வாறு மாற்றியமைத்த பூங்காக்களுள் பிரேசர் டவுனின் கோல்ஸ் பூங்காவும் பசவனகுடியின் எம்.என். கிருஷ்ண ராவ் பூங்காவும் அடங்கும். சாய்வுப்பாதை, முதுகுக்கும் பக்கங்களுக்கும் பிடிமானமுள்ள ஊஞ்சல், தொட்டுணரும் பரப்புகள், மணல்வெளி என்று அமைப்புகள் வந்தன. அதைவிட முக்கியமாக, குழந்தைகள் கலந்து ஆட வழிகாட்டும் ஆட்களும் நிகழ்வுகளும் வேண்டும் என்று அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இவ்விரு இடப்பெயர்களையும் மீண்டும் ஒருமுறை படியுங்கள். பிரேசர் டவுன், பசவனகுடி: இரண்டுமே பிளேக் காலம் வளர்த்த பகுதிகள். நுரையீரலுக்காக நகரைத் திறந்த அதே நிலப்பரப்பில், ஒரு நூற்றாண்டுக்குப் பின் பெற்றோர் சிலர் சென்று, இக்குழந்தைக்கு நுரையீரல் மட்டும் இல்லை என்று சொல்லியிருக்கின்றனர். இதை நான் திட்டமிட்ட தொடர்ச்சி என்று கூறவில்லை. அப்பகுதிகளில் பூங்கா இருந்ததால்தான் அங்கே கேட்கவும் முடிந்தது என்பது எளிய உண்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 84 லட்சம் மக்களைத் தாங்கிய நகரின் புதிய புறப்பகுதிகளில், கேட்பதற்கே பொதுநிலம் அரிது. பழைய விரிவாக்கத்தில் வாழும் குழந்தைக்கும் புறநகர் அடுக்ககத்தில் வாழும் குழந்தைக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை ஊனமுற்றோர் ஆய்வுகள் இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

சட்டம் இதில் எவ்வளவு உதவும்? இந்தியா 1992இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் உறுப்பு விளையாடும் உரிமையைப் பேசுகிறது. 2007இல் ஏற்ற ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு, மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக ஊனமுற்ற குழந்தைகளும் விளையாட்டில் பங்கேற்பதை உறுதிசெய்யச் சொல்கிறது. நம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு பண்பாடு, பொழுதுபோக்குப் பற்றியது. 30ஆம் பிரிவு விளையாட்டுப் பற்றியது. இங்கே தமிழ் நம்மைச் சற்று ஏமாற்றும். ‘விளையாட்டு’ என்னும் ஒரே சொல் இரு பொருள் தரும்: போட்டியாக ஆடுவது ஒன்று, குழந்தை தன் போக்கில் ஆடுவது மற்றொன்று. 30ஆம் பிரிவின் கவனம் முன்னதில் உள்ளது. உடன்படிக்கைகள் பின்னதையும் சொல்கின்றன. பதக்கம் பெறும் சிறப்பு விளையாட்டு வீரரைப் பாராட்ட நாம் கற்றுக்கொண்டுவிட்டோம். எதையும் வெல்லாமல் அரைமணி நேரம் ஊஞ்சலாடும் குழந்தைக்கு அதே உரிமை உண்டு என்பதை இன்னும் கற்கவில்லை.

அணுகுதல் என்றால் சாய்வுப்பாதை என்னும் எண்ணமும் ஆழமாக வேரூன்றியுள்ளது. சக்கர நாற்காலிக்கு அது உயிர்நாடி, அதில் ஐயமில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் தடையாவது பெரும்பாலும் வேறு: திடீரென ஒலிக்கும் ஒலிபெருக்கி, நெரிசல், எங்கு எது இருக்கும் என்று தெரியாமை, ஓடினால் நேரே சாலையில் கொண்டுவிடும் திறந்த வாயில். இதற்கான தீர்வுகளுக்குச் செலவு மிகுதியில்லை. தாழிடக்கூடிய ஒரே வாயில், உயரமான வேலி, படங்களோடு அமைந்த வழிகாட்டிப் பலகை, இரைச்சலிலிருந்து ஒதுங்க ஒரு நிழல் மூலை, வாரத்தில் சில அமைதி நேரங்கள். பெங்களூரின் பூங்காக்கள் நெடுங்காலம் நண்பகல் நேரங்களில் பூட்டிக் கிடந்தன. காலையும் மாலையும் நடைப்பயிற்சியாளருக்கு உகந்த நேரம் என்பதே அதன் தருக்கம். கூட்டமில்லாத அந்த நண்பகலோ இக்குழந்தைகள் பலருக்கு மிக ஏற்ற நேரம். பூட்டின் நேரத்திலும் ஒரு வரலாறு இருக்கிறது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை, முதன்மையாக எனக்கே. இயற்கை மருந்தாகிறது என்று காட்டும் ஆய்வுகள் இப்போது பெருகி வருகின்றன. 2009இல் ஃபேபர் டெய்லர், குவோ இருவரும் வெளியிட்ட ஆய்வில், கவனக்குறைபாடுள்ள 17 குழந்தைகள் பூங்காவில் 20 நிமிடம் நடந்தபின், நகரத் தெருக்களில் நடந்தபின் இருந்ததைவிட நன்றாகக் கவனம் செலுத்தினர். பயனுள்ள ஆய்வு, சிறிய மாதிரி. ஆனால் பூங்காவைக் கேட்க இதையே முதற்காரணமாக்கினால், பிளேக் காலத்துப் பொறியாளர்களின் இடத்திற்கே நாமும் திரும்பிவிடுவோம்: அவர்கள் நுரையீரலுக்கு மருந்தளித்தனர், நாம் மூளைக்கு அளிக்கிறோம். மருந்து பலிக்கவில்லை என்று நாளை ஓர் ஆய்வு சொன்னால் ஊஞ்சலைக் கழற்றிவிடலாமா? மற்றக் குழந்தைகளை எந்தப் பயனும் நிரூபிக்கச் சொல்லாமல்தான் நாம் விளையாட விடுகிறோம்.

இந்தியாவில் ஐந்து பகுதிகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, 2 முதல் 9 வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு, பார்வை, செவித்திறன், வலிப்பு உள்ளிட்ட ஒன்பது வளர்ச்சிசார் நிலைகளுள் ஒன்றேனும் இருப்பதாகக் கணித்தது. எட்டில் ஒருவர் என்றால் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றனர். தெருமுனைப் பூங்காவில் அவர்கள் காணப்படாததை இயல்பென்று எடுத்துக்கொள்ள இயலாது. நாம் விளக்கம் தேடவேண்டிய வரலாற்று விளைவு அது.

ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாநகராட்சிப் பூங்காப் பிரிவின் கோப்புகள், பூங்கா விதிப்பலகைகள், குடியிருப்போர் நலச்சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், பெற்றோரின் வாய்மொழி நினைவுகள் ஆகிய நான்கையும் அடுக்கி வைத்தாலே உங்கள் ஊரில் யார் வெளியே நிறுத்தப்பட்டனர் என்பது தெரியத் தொடங்கும். பலகைகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்ணம் மாற்றும்போது அவை சுவடின்றி அழிந்துவிடும்.

நாங்கள் அந்தப் பூங்காவுக்கு மீண்டும் போனோம். இம்முறை கூட்டமில்லாத ஒரு வாரநாளில், கதவு திறந்தவுடன். அதே காவலாளி இருந்தார். அவன் ஊஞ்சலுக்கு ஓடினான். அதே ஓசை எழுந்தது. அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவனுக்கு இது பிடிக்கும்போல என்றார். ஆம் என்றேன். பலகை அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் நகரங்களின் அனுபவங்களையும், என் வாதத்தில் நீங்கள் காணும் பிழைகளையும் கீழே எழுதுங்கள். உரையாடுவோம்.